கூரை யூனிட்டா, வி.ஆர்.எஃப்-ஆ, சில்லரா? வணிகக் கட்டடத்துக்கு எது பொருந்தும்

வணிகக் கட்டடத்துக்கு ஏசி போடப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கொட்டேஷன்களோடு வந்து நிற்கிறார்கள். ஒன்றில் கூரைமேல் வைக்கும் பேக்கேஜ் யூனிட். இன்னொன்றில் வி.ஆர்.எஃப், அதாவது ஒரு வெளி இயந்திரத்திலிருந்து அறை அறையாகக் குளிரூட்டியை அனுப்பும் முறை. மூன்றாவதில் தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுவதும் அனுப்பும் சில்லர். மூன்றுமே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கின்றன, மூன்றிலும் அதற்கான எண்கள் இருக்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான நிலையில் அளந்த எண்ணைத் தருகிறார்கள்.

என்னைக் கேட்டால், அந்த எண்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கச் சொல்வேன். உள்ளே இருப்பவர்களுக்கு வெளிக்காற்று எந்த வழியாக வரப்போகிறது? இயந்திரத்தைத் திறந்து சுத்தம் செய்ய யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை போகப்போகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

வெளிக்காற்று. அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்வித்தால் அறை குளிரும். ஆனால் விட்ட மூச்சும் வியர்வை வாடையும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பின் 62.1 தரநிலை, அலுவலகத்தில் ஓர் ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டர், அதோடு ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 0.3 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. 500 சதுர மீட்டரில் 50 பேர் என்றால் நொடிக்கு 275 லிட்டர், அதாவது ஏறக்குறைய 580 சி.எஃப்.எம் (நிமிடத்துக்குக் கன அடி). இந்தக் காற்றைக் கொண்டுவரும் செலவு கொட்டேஷனில் அடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் விலைகளை ஒப்பிடுவது வீண்வேலை.

எத்தனை பகுதிகள், எந்தெந்த நேரம். மேற்குச் சன்னல் ஓரமும் கட்டடத்தின் நடுப்பகுதியும் ஒரே நேரத்தில் ஒரே குளிர்ச்சியைக் கேட்பதில்லை. இரவு 8 மணிவரை ஓடும் கடைக்கும் மாலை 6 மணிக்குப் பூட்டும் அலுவலகத்துக்கும் ஒரே இயந்திரம் என்றால் யாராவது ஒருவர் வெறும் நாற்காலிகளைக் குளிர்வித்துக்கொண்டிருப்பார்.

பகுதிச்சுமையில் திறன். இயந்திரம் முழுச்சுமையில் ஓடும் நேரம் மிகக் குறைவு. ஐ.இ.இ.ஆர் என்ற அளவீடு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது: முழுச்சுமைக்கு 2 சதவீத எடை, முக்கால் சுமைக்கு 61.7, அரைச் சுமைக்கு 23.8, கால் சுமைக்கு 12.5. கொட்டேஷனில் முழுச்சுமைத் திறனான இ.இ.ஆர் மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால், அந்த 2 சதவீத நேரத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள் என்று பொருள்.

பராமரிப்பும் பழுதும். எந்த மெக்கானிக்கும் கை வைக்கக்கூடியதா, கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் ஆகுமா? ஒன்று நின்றால் கட்டடம் முழுவதும் நிற்குமா, ஒரு மூலை மட்டும் சூடாகுமா?

இவற்றோடு கட்டடத்தின் உடலும் உண்டு: கூரை தாங்கும் எடை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் டக்ட் (காற்று போகும் தகரக் குழாய்) ஓட இருக்கும் உயரம், மாடிகளின் எண்ணிக்கை. பத்து மாடிக் கட்டடத்துக்கு இவையே முடிவைச் சொல்லிவிடும்.

## கூரை யூனிட்: பெட்டிக்குள் நடப்பது

கம்ப்ரசர், கன்டென்சர், குளிர் காயில், ப்ளோயர், ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள். தொழிற்சாலையிலேயே பொருத்தி, குளிரூட்டி வாயு அடைத்து, ஓட்டிப் பார்த்து அனுப்புகிறார்கள். கூரையில் கர்ப் எனப்படும் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்த்தி, மின் இணைப்பையும் வடிகால் குழாயையும் கொடுத்தால் போதும். பெட்டியின் அடியிலிருந்து இரண்டு டக்ட்கள் கூரையைத் துளைத்துக் கீழே இறங்கும். ஒன்று குளிர்ந்த காற்றைக் கீழே விடுவது, மற்றது அறைக்காற்றை மேலே இழுப்பது.

மேலே வரும் அறைக்காற்று முதலில் கலவை அறைக்குள் நுழைகிறது. அங்கே டேம்பர் எனப்படும், திறந்து மூடும் இறக்கைகள் வழியாக வெளிக்காற்றும் சேர்கிறது. கலந்த காற்று ஃபில்டரைத் தாண்டிக் குளிர் காயில் வழியே போகும்போது 24, 25 டிகிரியிலிருந்து 13 டிகிரி வாக்கில் இறங்குகிறது. அதிலிருக்கும் ஈரம் காயிலில் துளித்துளியாகப் படிந்து கீழே தட்டில் வடிகிறது. காயிலுக்குள் ஆவியான குளிரூட்டி கம்ப்ரசருக்குப் போய், அழுத்தமும் வெப்பமும் ஏறி, கன்டென்சரில் வெளிக்காற்றிடம் வெப்பத்தைக் கொட்டித் திரவமாகி, விரிவு வால்வு வழியே அழுத்தம் குறைந்து மீண்டும் காயிலுக்குத் திரும்புகிறது. 1 டன் என்பது 3.517 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன். ஒரு டன்னுக்கு 400 சி.எஃப்.எம் காற்று என்பது பொதுவான கணக்கு. ஆகவே 10 டன் யூனிட் சுமார் 4,000 சி.எஃப்.எம் சுழற்றும்.

இந்தப் பெட்டியின் பெரிய பலம் அந்த டேம்பரில்தான் இருக்கிறது. வெளிக்காற்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, கூடவே வருகிறது. எகானமைசர் பொருத்தியிருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. வெளியே குளிர்ந்து உலர்ந்திருக்கும் நேரத்தில் டேம்பர் முழுவதும் திறந்துகொள்ளும், கம்ப்ரசர் ஓடாமலே அறை குளிரும். விளக்குகளும் கணினிகளும் கூட்டமும் நிறைந்த கட்டடத்தின் நடுப்பகுதிக்குக் குளிர்காலத்திலும் குளிர்ச்சி தேவைப்படும். அங்கே இது கைமேல் காசு. ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் இடத்தில் எகானமைசருக்கு வேலை குறைவு. அங்கே அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஆனால் டேம்பர் என்பது நகரும் பாகம். துரு பிடிக்கும், இணைப்புக் கம்பி கழன்றுவிடும், மோட்டார் செத்துவிடும். மூடிய நிலையில் சிக்கினால் உள்ளே காற்று தேங்கும். திறந்த நிலையில் சிக்கினால் உச்சி வெயிலின் காற்று முழுவதையும் குளிர்விக்கக் கம்ப்ரசர் திணறும். அறை ஓரளவு குளிர்ந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது, மின்கட்டணத்தில்தான் தெரியும். கூரைக்கு ஏறி அந்த இறக்கைகள் உண்மையிலேயே அசைகின்றனவா என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர எளிய வழி கிடையாது.

### கொட்டேஷனில் வராத செலவுகள்

எடையிலிருந்து தொடங்கலாம். 10 டன் யூனிட் ஏறத்தாழ அரை மெட்ரிக் டன், 20–25 டன் யூனிட் ஒரு மெட்ரிக் டன்னைத் தொடும் அல்லது தாண்டும். கூரை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். கிரேன் வாடகை தனி. கூரையைத் துளைத்த இடத்தில் நீர்க்காப்பு சரியாக இல்லாவிட்டால் முதல் பெருமழையில் ஃபால்ஸ் சீலிங் ஊறும். அப்போது ஏசிக்காரர் கூரைக்காரரைக் கைகாட்டுவார், கூரைக்காரர் ஏசிக்காரரைக் கைகாட்டுவார். துளையடைப்பு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கசிவு எல்லாமே மழைநீர் அல்ல. பல யூனிட்களில் ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கிறது. அதனால் காயில் பகுதியில் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. வடிகால் குழாயில் யு வடிவ வளைவு இல்லாவிட்டால், குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த இழுப்பில் தண்ணீர் வடியாமல் தட்டிலேயே நிற்கும், நிரம்பி டக்ட்டுக்குள் வழியும். ப்ளோயரை நிறுத்தியவுடன் கடகடவென்று கொட்டும். "நிறுத்தினால் கொட்டுது, ஓடினால் கொட்டலை" என்று யாராவது சொன்னால் முதலில் அந்த வளைவைத்தான் பாருங்கள். சில அங்குலக் குழாயில் தீரும் விஷயம்.

வெப்பநிலைக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. திறன் எண்கள் 35 டிகிரி வெளிக்காற்றில் அளக்கப்பட்டவை. வெயிலில் காய்ந்த கூரைக்கு அருகில் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். யூனிட்களை நெருக்கி வைத்தால் ஒன்று கக்கும் சூட்டை அடுத்தது இழுக்கும். வெளிர்நிறக் கூரைப் பூச்சும் யூனிட்களுக்கு நடுவே தாராள இடைவெளியும் சும்மா அழகுக்கு அல்ல.

கடைசியாக ப்ளோயர். வெளிக்காற்று தர வேண்டுமானால் ஆட்கள் இருக்கும் நேரமெல்லாம் அது ஓடியாக வேண்டும், கம்ப்ரசர் ஓடாவிட்டாலும். ஒரே வேகத்தில் ஓடும் ப்ளோயர் ஆண்டு மின்செலவில் பெரும்பங்கைத் தின்னும். காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் கணக்குப்படி அதன் மின்தேவை எட்டில் ஒன்றாகிவிடும். வேகம் மாறும் ப்ளோயருக்குக் கேட்கும் கூடுதல் தொகையில் பேரம் பேசுங்கள், ஆனால் அதை வேண்டாம் என்று விடாதீர்கள்.

### சூடாக்க எது?

குளிர்காலம் உள்ள இடங்களில் இதே பெட்டிதான் சூடும் தர வேண்டும். இதற்கு மூன்று வழிகள்.

எரிவாயு பர்னர்: உலோக வெப்பமாற்றியின் உள்ளே சுடர், வெளியே அறைக்காற்று. எரிபொருளின் ஆற்றலில் 80 சதவீதம் வாக்கில் காற்றுக்கு வந்து சேரும். கடுங்குளிரிலும் சளைக்காது. ஆனால் வெப்பமாற்றியில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரக்கூடும். ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன் பார்க்க வேண்டிய முதல் வேலை அதுதான்.

மின் ஹீட்டர்: வாங்கும்போது மலிவு, ஓட்டும்போது கையைக் கடிக்கும். 10 டன் யூனிட் 35 கிலோவாட் வெப்பத்தை அகற்ற 11 கிலோவாட் வாக்கில் மின்சாரம் எடுக்கிறது. அதே 35 கிலோவாட் வெப்பத்தை மின் ஹீட்டரில் தர 35 கிலோவாட்டும் வேண்டும். கேபிள், பிரேக்கர், ஒப்பந்த மின்சுமை எல்லாம் அதற்கேற்ப வீங்கும். சூடு ஆண்டில் சில நாள்களே தேவைப்படும் இடத்தில் மட்டும் இது சரி.

ஹீட் பம்ப்: ஒரு திசைமாற்று வால்வு குளிரூட்டியின் ஓட்டத்தைத் திருப்பிவிடும். வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். மிதமான குளிரில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும். வெளியே குளிர் ஏற ஏற இது குறையும். வெளிக் காயிலில் உறைபனி படிந்தால் சில நிமிடங்கள் ஓட்டத்தைத் திருப்பி உருக்கிக்கொள்ளும். மிதமான குளிர்காலம் உள்ள இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன். நீரின் உறைநிலைக்கு வெகு கீழே போகும் ஊர்களில் துணைக்கு ஒரு பர்னரோ ஹீட்டரோ வேண்டும்.

கூரை யூனிட் யாருக்கு: ஒன்று முதல் மூன்று மாடி, விரிந்த தளம், தடுப்புகள் குறைந்த கூடம். கடைகள், சூப்பர் மார்க்கெட், உணவகம், கிடங்கு, தியேட்டர். ஒவ்வொரு வாடகைதாரருக்கும் தனி யூனிட், தனி மீட்டர் என்று பிரிப்பதும் எளிது. நாலு யூனிட்டில் ஒன்று நின்றால் மீதி மூன்று சமாளிக்கும். மூன்று மாடிக்கு மேல் போனால் டக்ட் இறங்கும் குழிகளே வாடகைக்கு விடக்கூடிய இடத்தைத் தின்னத் தொடங்கும்.

## வி.ஆர்.எஃப்

இங்கே காற்றுக்குப் பதில் குளிரூட்டியே கட்டடத்துக்குள் பயணம் செய்கிறது. வெளியே ஒரு அவுட்டோர் யூனிட், உள்ளே அறைக்கு அறை இன்டோர் யூனிட்கள், நடுவே மெல்லிய செம்புக் குழாய்கள். டைக்கின் நிறுவனம் 1982-இல் ஜப்பானில் கொண்டுவந்த இந்த முறையில், கம்ப்ரசர் தன் வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்கிறது. பகுதிச்சுமையில் இது மின்னும். வெப்பமீட்பு வகை என்றால் வெயில் படும் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை நிழலில் இருக்கும் அறைக்குக் கொடுக்கும். ஒரே நேரத்தில் ஒருபுறம் குளிர், மறுபுறம் சூடு.

டக்ட் ஓட உயரம் இல்லாத பழைய கட்டடம், சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்த அலுவலகம், ஓட்டல், கிளினிக் என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வெளிக்காற்றில்தான் இடறும். இன்டோர் யூனிட் அறைக்காற்றையே சுழற்றுகிறது. வெளிக்காற்றுக்குத் தனி இயந்திரம், தனி டக்ட், முடிந்தால் வெளியேறும் காற்றிலிருந்து குளிர்ச்சியை மீட்கும் கருவி எல்லாம் வேண்டும். பல கொட்டேஷன்களில் இந்த வரியே இருப்பதில்லை. "சன்னலைத் திறந்துகொள்ளலாம்" என்ற வாய்மொழியோடு முடிந்துவிடும். கூரை யூனிட்டையும் வி.ஆர்.எஃப்-ஐயும் ஒப்பிடும்போது இந்தத் தொகையைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். சேர்த்த பிறகும் வி.ஆர்.எஃப் வெல்லும் கட்டடங்கள் நிறைய உண்டு. சேர்க்காமல் வெல்வது வெற்றியே அல்ல.

இரண்டாவது, குளிரூட்டியின் அளவு. கூரை யூனிட்டில் வாயு பெட்டியைத் தாண்டி வெளியே வருவதில்லை. வி.ஆர்.எஃப்-இல் நூற்றுக்கணக்கான மீட்டர் குழாயில், எண்ணற்ற இணைப்புகள் வழியே, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைகளுக்குள் அது ஓடுகிறது. எங்கோ ஒரு இணைப்பில் கசிந்தால் முழு அமைப்பின் வாயுவும் ஒரே அறைக்குள் இறங்கக்கூடும். அதனால்தான் ஆஷ்ரே 34 தரநிலை ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயுவுக்கு ஒரு கன மீட்டருக்கு 0.42 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. 30 கன மீட்டர் அறைக்கு அது 12.6 கிலோதான். சின்ன அறைகள் உள்ள கட்டடத்தில் ஒரே பெரிய அமைப்புக்குப் பதில் இரண்டு, மூன்றாகப் பிரிக்கச் சொல்வது இதற்காகவே. சூழலுக்கும் கணக்கு உண்டு. ஆர்-410ஏ-யின் புவிவெப்பத் திறன் 2,088. 10 கிலோ கசிந்தால் அது ஏறக்குறைய 21 மெட்ரிக் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இப்போது வரும் ஆர்-32 வாயுவுக்கு 675தான், ஆனால் அது லேசாகத் தீப்பற்றும் வகை. அறைக்குள் கசிவைக் கண்டறியும் கருவிக்கும் தானாக மூடும் வால்வுக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, பிடி. அவுட்டோர், இன்டோர், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு பலகை கிடைக்காவிட்டால் வேறு கம்பெனிப் பொருளைச் சேர்க்க முடியாது. உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## சில்லர்

ஒரே கன அளவில் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். பெரிய கட்டடங்கள் தண்ணீரை நாடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். சில்லர் 7 டிகிரிக்குக் குளிர்வித்த தண்ணீரைப் பம்ப் மாடி மாடியாக அனுப்பும். அது ஏ.ஹெச்.யூ எனப்படும், காயிலும் ப்ளோயரும் கொண்ட பெட்டிகளில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பும். பெரிய டக்ட் ஓட வேண்டிய இடத்தில் ஒரு குழாய் போதும். குளிரூட்டி இயந்திர அறையோடு நின்றுவிடும்.

கூலிங் டவரோடு (தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றும் கோபுரம்) சேர்ந்த சில்லரின் முழுச்சுமைத் திறனைக் கூரை யூனிட்டால் எட்டவே முடியாது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஆறு பங்கு குளிர்ச்சி என்பது அங்கே சாதாரணம், கூரை யூனிட்டில் மூன்று, மூன்றரை. ஆனால் அந்த ஆறு சில்லரின் கம்ப்ரசருக்கு மட்டும் உரியது. பம்ப்கள், டவர் விசிறி, ஏ.ஹெச்.யூ ப்ளோயர்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் இடைவெளி வெகுவாகக் குறையும். "மொத்த அமைப்புக்கும் டன்னுக்கு எத்தனை கிலோவாட்?" என்று கேளுங்கள்.

டவர் தண்ணீரும் குடிக்கும். ஒரு டன்னுக்கு மணிக்கு சுமார் 6 லிட்டர் ஆவியாகிறது. 200 டன் அமைப்பு முழுச்சுமையில் 10 மணிநேரம் ஓடினால் 12,000 லிட்டர். உப்பு சேராமலிருக்க வடித்துவிடும் நீர் இதற்கு மேல். டவர் நீரில் லீஜியனெல்லா வளராமல் தொடர்ந்து மருந்திட்டுச் சோதிக்க வேண்டும். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவி உயிர்களைப் பறித்த நிமோனியாவுக்குக் காரணம் இந்த பாக்டீரியாதான். காற்றால் குளிரும் சில்லர் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை, திறன் குறையும்.

இயந்திர அறை, தினமும் அளவுகளைக் குறிக்கும் ஆபரேட்டர், தண்ணீர்ச் சுத்திகரிப்பு என்று நிரந்தரச் செலவு உண்டு. அதைச் சுமக்கும் அளவுக்குக் கட்டடம் பெரிதாக இருந்தால்தான் சில்லர்: மருத்துவமனை, உயர்மாடி அலுவலகம், பல்கலைக்கழக வளாகம். இரண்டு மாடிக் கட்டடத்துக்கு இதைக் காலத்துக்கும் நிற்கும் என்று விற்பவர் ஆயுளைப் பற்றிச் சொல்வது சரிதான், தேவையைப் பற்றி அல்ல.

## ஒரே பார்வையில்

| | கூரை யூனிட் | வி.ஆர்.எஃப் | சில்லர் |
|---|---|---|---|
| வெளிக்காற்று | பெட்டியிலேயே | தனி ஏற்பாடு வேண்டும் | ஏ.ஹெச்.யூ வழியாக |
| அறைவாரிக் கட்டுப்பாடு | ஒரு யூனிட்டுக்கு ஒரு பகுதி. கூடுதல் டேம்பர்களால் பிரிக்கலாம் | மிக நன்று | நன்று |
| பகுதிச்சுமை | வேகம் மாறும் வகையானால் நன்று | மிக நன்று | பல சில்லர்களாகப் பிரித்தால் நன்று |
| கட்டடத்துக்குள் குளிரூட்டி | டக்ட் காற்று மட்டும் | அறைக்குள் வரை | இயந்திர அறையோடு சரி |
| பழுதானால் | ஒரு பகுதி | ஒரு அவுட்டோரைச் சேர்ந்த அறைகள் | மாற்று சில்லர் இல்லாவிட்டால் எல்லாம் |
| பராமரிப்பு ஆள் | பொதுவான மெக்கானிக் | கம்பெனிப் பயிற்சி பெற்றவர் | முழுநேர ஆபரேட்டர் |
| ஆயுள் | 15 ஆண்டு வாக்கில் | பராமரிப்பையும் உதிரிபாகத்தையும் பொறுத்தது | 20 ஆண்டுக்கு மேல் |
| பொருந்தும் இடம் | 1–3 மாடி, விரிந்த கூடம் | பல சிறு அறைகள், குறைந்த உயரம் | பெரிய, உயர்ந்த கட்டடம், வளாகம் |

கலந்து போடுவதிலும் தப்பில்லை. கீழே கடைக்கூடத்துக்குக் கூரை யூனிட், மேலே அறைகளுக்கு வி.ஆர்.எஃப் என்று பிரித்தால் இரண்டு பராமரிப்பு ஒப்பந்தங்கள் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

## பழைய கூரை யூனிட்டை மாற்றுபவர்களுக்கு

இவர்களுக்குத் தேர்வு இன்னும் குறுகியது. டக்ட், கர்ப், மின் இணைப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது புதிய கூரை யூனிட்டை விலையில் வெல்வது கடினம். பழையதன் பெயர்ப் பலகையில் இருக்கும் டன்னை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவதில்தான் பணம் போகிறது.

பழையதை வைத்த பிறகு விளக்குகள் எல்.இ.டி ஆகியிருக்கும், கணினிகள் மாறியிருக்கும், கூரைக்கு வெப்பக்காப்பு போட்டிருக்கும். சுமை குறைந்த அறைக்குப் பெரிய யூனிட் போட்டால் சில நிமிடங்களில் அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். காயிலில் படிந்த ஈரம் தட்டுக்கு வடியும் முன்னே நின்றுவிடும். ப்ளோயர் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த ஈரம் மறுபடி காற்றில் ஏறி அறைக்கே திரும்பும். தெர்மோஸ்டாட் 23 காட்டும், உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிசுபிசுக்கும். அவர்கள் இன்னும் குறைத்து வைப்பார்கள். குளிரும், பிசுபிசுப்பு போகாது.

எனவே வெப்பச்சுமையைப் புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு நிலை அல்லது வேகம் மாறும் கம்ப்ரசரைக் கேளுங்கள். புது யூனிட்டின் காற்றுத் திறப்புகள் பழைய கர்ப்பில் பொருந்துமா, அல்லது நடுவே அடாப்டர் வேண்டுமா என்பதை அளவெடுத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். யூனிட் கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அது தெரியவந்தால், வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.